பட்டினியும் பருமனும்

கேள்வி: அரை வயிறு உண்டு விரதம் காத்தும், முதலில் இறங்கிய எடை பிறகு அசையாமல் நின்றுவிடுகிறதே, இது மனவுறுதியின் குறைதானா?

பதில்: இல்லவே இல்லை. தங்கள் சரீரம் தங்களைவிடச் சிக்கனமான கணக்குப்பிள்ளை. வரவு குறைந்ததைக் கண்டதுமே செலவைச் சுருக்கிவிடுகிறது. யுத்தத்தில் பசித்துக் கிடந்த ஜனங்களுக்கு மீண்டும் போஷாக்களிக்கும் மார்க்கத்தை அறியும்பொருட்டு, 1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்னும் விஞ்ஞானி தொடங்கிய ஆராய்ச்சியில், தாமாகவே முன்வந்த 36 இளைஞர்கள் 24 வாரங்கள் குறைந்த ஆகாரத்தில் இருந்து, தங்கள் எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழந்தார்கள் என்பது மெய்யே. ஆயினும் கூடவே அவர்களுடைய நாடித் துடிப்பு மந்தமாகி, தேகத்தின் உஷ்ணம் தணிந்து, ஓய்வில் செலவாகும் சக்தியும் வெகுவாகக் குறைந்து, உணவைப் பற்றிய சிந்தனையே அல்லும் பகலும் அவர்களை ஆட்கொண்டது. 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் ஹார்மோன் இதன் சூக்ஷ்மத்தை மேலும் விளக்கிற்று: கொழுப்பு கரையக் கரைய இதன் அளவு குறைய, பஞ்சம் வந்துவிட்டதென்று மூளை முடிவுகட்டிப் பசியைத் தூண்டிவிடுகிறது. தைராய்டு சுரப்பியின் மந்தமும், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும், உறக்கக் குறைவும் எடை இறங்காமல் நிற்பதற்குத் துணை போவதுண்டு.

ஆகையால் பட்டினியைக் கடுமையாக்காமல், வைத்தியரிடம் காரணத்தைப் பரிசோதித்தறிந்து, பருப்பும் பயறும் காய்கறியும் போதிய அளவு உண்டு, நாள்தோறும் நடந்து, தசைகளுக்கும் வேலை கொடுங்கள். எத்தனையோ பஞ்சங்களில் நம் மூதாதையரைக் காப்பாற்றிய இந்தத் தேகத்துடன் யுத்தம் தொடுப்பதைவிடச் சமாதானம் பேசுவதே விவேகம்!