இடப்பக்க ஜன்னல்

ஒரு கப்பல் ஏஜன்சியில் முப்பத்தொரு வருடம் ஆவணக் கிராணியாக இருந்தவன் நான். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து நேப்பாளத்துக்கு ஒரு கொண்டேனா அனுப்ப வேண்டுமா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வழி சொல்வேன். நேப்பாளத்துக்குக் கடல் கிடையாது. சரக்கு கொல்கத்தாவில் இறங்கும், முத்திரை உடையாமல் ரயில் ஏறும், எல்லை தாண்டி பீர்கஞ்ச் உலர்துறைமுகத்தில் போய் நிற்கும். எந்தத் தாள் எத்தனை பிரதி, எதில் யார் கையொப்பம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற நாளில் முதலாளி என் தோளில் கை வைத்து, "இவர் கையில் போன பேப்பர் திரும்பி வந்ததில்லை" என்றார். மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் பின்னால் வினையாயிற்று.

அப்படிப்பட்ட நான், கொண்டேனா அல்லாத இரண்டு உருப்படிகளை, அதாவது என்னையும் என் மனைவியையும், அதே நேப்பாளத்துக்கு அனுப்பிய கதை இது.

எனக்கும் மலைக்கும் பெரிய உறவு கிடையாது. எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்கட்டில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், வடக்கே குனோங் ஜெராய் தெரியும். 1,217 மீட்டர். அறுபது வருடமாகப் பார்க்கிறேன், ஏறியதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறியிருக்கிறேன், நடுவில் நான்கு முறை உட்கார்ந்து. கொடிமலைக்குப் போனது ரயிலில். 1923 முதல் ஓடும் அந்த ரயிலில் உட்கார்ந்து போனதை ஏறினேன் என்று சொன்னால் முருகன் பொறுக்க மாட்டான்.

இமயமலை ஆசை மனைவியுடையது. முக்திநாத்தைப் பார்க்க வேண்டும். நூற்றெட்டுத் திவ்வியதேசங்களில் ஒன்று, சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய இடம், 3,700 மீட்டருக்கு மேலே, கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகளில் பனித்தண்ணீர் கொட்டும். கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள், "பூட்டான் போங்கப்பா, கூட்டமே இருக்காது" என்றாள். கூட்டம் ஏன் இருக்காது என்பது விசாரித்த பிறகு தெரிந்தது. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர் அரசாங்கத்துக்கு மட்டும் கட்ட வேண்டும், விசாவுக்கு 40 தனி. இரண்டு பேர், ஏழு இரவு என்று பெருக்கிக் காட்டினேன். "அந்த ஊருல சந்தோசத்த அளக்குறாங்கன்னு படிச்சேன். இப்படித்தான் அளக்குறாங்க போல" என்று மனைவி பூட்டானை முடித்துவைத்தார்.

நேப்பாளம் என்று முடிவானதும் நான் செய்த முதல் காரியம், சென்னைக்காரர் ஒருவரின் பயணக் காணொளியைப் பார்த்தது. தங்கமான மனிதர். தெளிவான தமிழ். "நேப்பாளத்துக்கு விசாவே தேவையில்லை நண்பர்களே, வாக்காளர் அட்டை இருந்தால் விமானம் ஏறிவிடலாம்" என்றார். நான் அதை அப்படியே விழுங்கிவிட்டு, ஆறு வாரம் எங்கள் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்க வந்த அத்தனை பேருக்கும் பரிமாறினேன். விசா வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஒருவர், "நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டார். முப்பத்தொரு வருடம் ஆவணத்திலேயே உட்கார்ந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்னைத் திருத்தியவர் எங்கள் அடுக்குமாடியின் காவலர். நேப்பாளிதான். நம் நாட்டில் வெளிநாட்டவர் யாரையாவது காவல் வேலையில் பார்த்தால் அவர் அநேகமாக நேப்பாளியாகத்தான் இருப்பார். ஆறு வருடமாகக் காலையும் மாலையும் அவர் தடுப்புக் கட்டையைத் தூக்குகிறார், நான் கை காட்டுகிறேன். நேப்பாளத்தைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்த எனக்கு இவரிடம் கேட்கத் தோன்றவேயில்லை. அன்று நானாகப் பெருமையாகத்தான் சொன்னேன், உங்கள் ஊருக்குப் போகிறேன், விசாகூட வேண்டாமாமே என்று. அவர் மலாயில், "விசா மெஸ்தி அடா, போஸ்" என்றார். கண்டிப்பாக வேண்டும். வேண்டாம் என்பது இந்தியர்களுக்கு, 1950-இல் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. என் கையிலிருந்த சிவப்புக் கடப்பிதழைக் காட்டி, "போஸ் ஓராங் மலேசியா" என்று எனக்கே என்னை நினைவூட்டினார். தமிழில் சொல்லப்படுவதெல்லாம் தமிழனான எனக்கே சொல்லப்படுவதாக நினைத்துக்கொண்ட புத்தியை என்ன செய்ய! அன்றிலிருந்து இரண்டு வாரம் தேத்தண்ணீரை வீட்டிலேயே குடித்தேன்.

ஆனால் விசா பெரிய தலைவலியில்லை. காட்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியபின் வாங்கிக்கொள்ளலாம். 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. நான் போட்ட திட்டம் எத்தனை நாள்? பதினைந்துதான் என்று எழுதியிருந்தேன், இரவுகளை எண்ணி. இறங்கும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்தால் பதினாறு. துறைமுகத்தில் எத்தனை வியாபாரிகள் இப்படி ஒரு நாளைத் தவறவிட்டு டெமரேஜ் கட்டியிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு நான், "முதல் நாளும் நாள்தான் பாஸ்" என்று வகுப்பெடுத்திருக்கிறேன்! ஒரு நாளுக்காக இரண்டு பேருக்கும் சேர்த்து 40 டாலர் கூடுதல். சீட்டு வாங்கிய பிறகு கண்டுபிடித்ததால் மாற்றவும் வழியில்லை.

விண்ணப்பத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பலாம் என்று தெரிந்ததும் அன்றே நிரப்பினேன், பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாக. மூன்று பிரதி எடுத்தேன். அதில் ஒன்றை லேமினேட் செய்தேன். நிரப்பிய விண்ணப்பம் 15 நாள்தான் செல்லும் என்று அதிலேயே போட்டிருந்ததை மகள்தான் படித்துச் சொன்னாள், லேமினேட்டின் மினுமினுப்பை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தபடி.

பிறகு கடப்பிதழ். நாட்டுக்குள் நுழையும் நாளில் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். எனக்கு ஐந்து மாதம் மூன்று நாள் இருந்தது. மனைவியுடையதும் அப்படியே. ஒரே நாளில் எடுத்தவை, ஒற்றுமையான தம்பதி. குடிநுழைவு அலுவலகத்துக்கு விடியற்காலையில் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றேன், தும்பைப்பூப் போல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. படத்துக்குப் பின்னணி வெள்ளை, ஆகவே அடர்நிறச் சட்டைதான் போட வேண்டும் என்று அங்கே சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், பல வருடமாக. எனக்குப் பின்னால் நின்ற மலாய்த் தம்பி ஒருவர் தன் கறுப்பு மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தார். கால்பந்துக் குழு ஒன்றின் சின்னம் போட்டது. அடுத்த ஐந்து வருடத்துக்கு நான் அந்தக் குழுவின் ஆள். அறுபது ஆகிவிட்டதால் எனக்கு 100 வெள்ளி, மனைவிக்கு 200. முதுமைக்குக் கிடைத்த முதல் தள்ளுபடி. மனைவி அதை ரசிக்கவில்லை.

இனி பெயர். இதை நம் ஆட்களிடம் விளக்க வேண்டியதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் பெயர், ஏ சாய்கோடு எல், அப்பா பெயர். அவ்வளவுதான் நாம். விமானச் சீட்டுப் படிவமோ குடும்பப் பெயர் கொடுத்தால்தான் அடுத்த பக்கம் திறப்பேன் என்கிறது, சாய்கோட்டைப் போட்டால் சிவப்பாகச் சீறுகிறது. அப்பா பெயரைக் குடும்பப் பெயர்ப் பெட்டியில் போட்டேன். சீட்டு வந்தது. போன சாய்கோடு திரும்பி வந்திருந்தது. முதலில் அப்பா பெயர், பிறகு சாய்கோடு, பிறகு என் பெயர். அப்பாவுக்கு நான் தகப்பன் என்பதுபோல.

அப்பா பிறைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1991-இல் காலமானார். கடப்பிதழ் எடுத்ததேயில்லை. அவருடைய பெரிய பயணம், தைப்பூசத்துக்குப் பட்டர்வொர்த் வந்து, ஃபெரி ஏறி, தண்ணீர்மலைக்குப் போய்த் திரும்புவது. விமானத்தில் ஒரு பணிப்பெண் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "மிஸ்டர்" என்று சேர்த்து அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னை வரவேற்றார். நான் திருத்தவில்லை.

நான் தேர்ந்தெடுத்த மாதம் அக்டோபர். மழை விட்டு வானம் கழுவிய மாதிரி இருக்கும், மலை பளிச்சென்று தெரியும் என்று படித்திருந்தேன். அது சரிதான். விலைதான் சரியில்லை. ஏன் என்று யோசிக்காமல் வாங்கிவிட்டுக் காவலரிடம் சொன்னபோது, "தசைன், போஸ்" என்றார். நம் நவராத்திரி, விஜயதசமி நாட்களில் அவர்களுக்குப் பதினைந்து நாள் பெருவிழா. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுப்புக் கிடைத்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போகிற நேரம். நம் தீபாவளிக்கு முதல் நாள் நெடுஞ்சாலையில் கார் ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காவலருக்கு அந்த வருடம் விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் போக வேண்டிய விமானத்தில் நான் போனேன்.

புறப்பாடு. பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் நான்கு மணி நேரம், மகள் வீட்டில் ஓர் இரவு, காலையில் விமான நிலைய ரயில். முதல் நிறுத்தம் டெர்மினல் 1. மனைவி எழுந்தார். "உட்காரு, நம்மளது அடுத்தது" என்றேன். அடுத்ததில் இறங்கி, பெட்டிகளை உருட்டி, அறிவிப்புப் பலகை முழுக்கத் தேடி, எங்கள் விமானம் டெர்மினல் 1-இல் என்று கண்டேன். மறுபடி ரயில், ஆளுக்கு 2 வெள்ளி, மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்கலாம்.

இப்போது ஜன்னல். மலை பார்க்கத்தானே போகிறோம் என்று கூடுதலாகக் காசு கட்டி ஜன்னல் இருக்கை எடுத்திருந்தேன். ஏ வரிசை, இடப்பக்கம். கப்பல் வரைபடங்களோடு வாழ்ந்தவன், திசை தெரியாதவனில்லை. கோலாலம்பூரிலிருந்து விமானம் வடமேற்கே போகிறது. மலை வடக்கே இருக்கிறது. அப்படியானால் மலை எந்தப் பக்கம்? உங்களுக்குத் தெரிகிறது. வங்கதேசத்தைக் கடந்ததும் வலப்பக்கத்தில் கைப்பேசிகள் எழுந்தன. "என்னாங்க, எல்லாரும் அந்தப் பக்கம் பாக்குறாங்க" என்றார் மனைவி. எங்கள் பக்கம் சமவெளி, வயல், ஓர் ஆறு, புழுதி. பிறைத் தொழிற்பேட்டையில் வேலை செய்வதாகச் சொன்ன ஓர் இளைஞர் எழுந்து, தன் ஜன்னலை மனைவிக்குக் கொடுத்தார். மனைவி இருபது நிமிடம் இமயத்தைப் பார்த்தார். நான் அவருடைய தலையின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

இறங்கிய இடமே 1,338 மீட்டர். ஒரு படி ஏறாமல் குனோங் ஜெராயைவிட உயரத்தில் நின்றேன். என் மலையேற்றச் சாதனை அத்தோடு முடிகிறது. கடிகாரத்தை இரண்டே கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டும். அந்தக் கால் மணியை மறந்து முதல் இரண்டு நாள் எல்லா இடத்துக்கும் கால் மணி தப்பிப் போனேன்.

முக்திநாத்தைப் பற்றிச் சொல்லாமல் ஓடிவிட முடியாது. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானம், அங்கிருந்து ஜீப். காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகலிலேயே காற்று கிளம்பிவிடும், ஆகவே விமானங்கள் காலையில் மட்டும். ஒரு காலை மேகம் மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான். இதெல்லாம் படித்துத் தெரிந்தும், பதினாறு நாளில் நான் முக்திநாத்துக்கு ஒதுக்கியது ஒன்றரை நாள். சித்வனில் காண்டாமிருகம் பார்க்க நான்கு நாள். என் அட்டவணையில் அது அழகாக, பச்சை நிறத்தில் இருந்தது. முக்திநாத் பகுதிக்கான அனுமதிச் சீட்டு வாங்கும் இடத்தில், "இந்தியாவா?" என்று கேட்டார்கள். சார்க் நாட்டவருக்கு 1,000 ரூபாய், மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. நான் தலையை நம் வழக்கப்படி ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் ஆட்டினேன். கடப்பிதழ் காட்டிக்கொடுத்தது. ஆளுக்கு 3,000.

முதல் நாள் மேகம். இரண்டாம் நாளும் மேகம். மேலும் காத்திருக்க வழியில்லை; அடுத்துப் போக வேண்டிய லும்பினியில் விடுதிக்கு முன்பணம் முழுதும் கட்டியிருந்தேன், திருப்பித் தர மாட்டார்கள். விமான நிலையத்தின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மனைவி வடக்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். "பரவால்லங்க, காண்டாமிருகத்தப் பாத்தோம்ல" என்றார். கோபத்தில் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. கேட்கத் துணிச்சலும் வரவில்லை.

திரும்பும்போது உஷாராக இருந்தேன். போன தடவை இடப்பக்கம் உட்கார்ந்து ஏமாந்தவன், இந்த முறை வலப்பக்கம் எடுத்தேன். விமானம் இப்போது எதிர்த்திசையில் போகிறது என்பது, கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து இடப்பக்கத்தில் கைப்பேசிகள் எழுந்தபோது புரிந்தது. மனைவி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது அப்படி நடித்தார்.

பட்டர்வொர்த் வந்ததும் காவலர் கட்டையைத் தூக்கிவிட்டு, முக்திநாத் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் சொந்த ஊர் கிழக்கே ஜாப்பா, இந்திய எல்லையோரத்துச் சமவெளி. "நானும் பார்த்ததில்லை, போஸ்" என்றார்.

காட்மாண்டு போகிறவர்கள் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம்.