தொட்டிலை ஆட்டுத மருமவனுக்கு

வாரும் மருமவனே, உக்காரும். ஆபீசுல உமக்குக் கீழ வேலை பாக்குத புள்ளைகளுக்கு மனசு நொந்துபோகக் கூடாதுன்னு புதன்கிழமை தோறும் தியான வகுப்பு வச்சிருக்கீராம்லா? என் மக பெருமையாச் சொன்னா. மூச்சு விடச் சொல்லிக்குடுக்கவே சம்பளத்துக்கு ஆள் வச்சிருக்கீருன்னா, நாடு முன்னேறிட்டுன்னுதான் அர்த்தம்.

ஒரு சின்ன சந்தேகம். வகுப்பு ஆறு மணிக்கு முடியுது. ஆறரைக்கு 'காலையில வேணும்'னு நீரு மெயில் போடுதீரு. இழுத்த மூச்சை அந்தப் புள்ளை எப்ப வெளிய விடும்?

உமக்குத் தோதா நானும் மூணு யோசனை சொல்லுதேன், குறிச்சுக்கிடும். ஒண்ணு, மூணு ஆள் வேலையை ஒருத்தன் தலையில கட்டும். கட்டிட்டு, 'மகிழ்ச்சி உன் கையில்'னு சுவத்துல போஸ்டர் ஒட்டும். ரெண்டு, என்ன செய்யணும்னு தெளிவாச் சொல்லிராதீரும். சொல்லிட்டா அப்புறம் யாரை வைவீரு? மூணு, நிம்மதிக்குன்னு செல்போன்ல ஒரு ஆப் போட்டுக்குடும். 'நல்லாத் தூங்குங்க'ன்னு அது சொல்லுத நேரத்துல, 'தூங்கிட்டியா?'ன்னு உம்ம மெசேஜும் அதே போன்ல வரட்டும். எது ஜெயிக்குன்னு பாப்போம்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுததுன்னு இதைத்தான் சொல்லிவச்சாவ.

கிழவன் வாய்க்கு வந்ததைப் பேசுதான்னு நெனைக்காதீரும். பேத்தி படிச்சுக் காட்டினா. ஆக்ஸ்போர்டுல வில்லியம் பிளெமிங்னு ஒரு ஆராய்ச்சிக்காரரு, பிரிட்டன்ல 233 நிறுவனங்கள்ல வேலை பாக்குத 46,336 பேரோட பதிலை வச்சு 2024ல கட்டுரை எழுதியிருக்காரு. தியானம், மன உறுதிப் பயிற்சி, ஆப்புன்னு எதுல சேந்தவனும் சேராதவனை விட நல்லா இருந்ததாத் தெரியலியாம். ஊருக்குத் தொண்டு செய்யப் போனவங்ககிட்ட மட்டும் கொஞ்சம் தெளிச்சி தெரிஞ்சிருக்கு. ஒரு சமயத்துல எடுத்த கணக்கு அது, வேதவாக்குன்னு சொல்ல மாட்டேன். ஆனா காசு போட்ட உமக்குக் கொஞ்சம் உறுத்தணும்லா?

நான் பஞ்சு மில்லுல புளோ ரூம்ல கிடந்தவன். பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்கிற சீக்கு ஒண்ணு உண்டு, பிசினோசிஸ்னு டாக்டர் சொல்லுவாரு. அதுக்கு ஒரு குசும்பு. லீவு நாள்ல ஆள் தெளிஞ்சிருப்பான். திங்கக்கிழமை மில்லுக்குள்ள போனா நெஞ்சு இறுகும். மேஸ்திரி சொன்ன வைத்தியம், 'மூக்குல துணியைக் கட்டுலே.' கட்டினோம். தூசி என்ன, துணியைப் பாத்துட்டுத் திரும்பியா போகும்?

தொழிலாளர் பாதுகாப்பு படிச்சவங்க வச்சிருக்க வரிசை வேற. முதல்ல ஆபத்தையே அப்புறப்படுத்து. முடியலியா, ஆபத்துக் குறைஞ்சதா மாத்து. அதுவும் ஆகலியா, தூசியை உறிஞ்சுத மெஷினை மாட்டு. பிறகு வேலை முறையைத் திருத்து. முகமூடி கட்டக் கடைசி. உம்ம தியான வகுப்பு அந்தத் துணிதான் மருமவனே. உம்ம ஆபீசுலயும் திங்கக்கிழமை நெஞ்சு இறுகுதவங்க இருப்பாங்க. அங்க தூசி எதுன்னு தேடும்.

தேட வேண்டிய இடத்தையும் ஆராய்ச்சிக்காரங்க சொல்லிட்டாவ. பெரிய நாற்காலிக்காரருக்குத்தான் நெஞ்சுவலி வரும்னு நாம நெனைக்கோம். லண்டன்ல அரசு ஊழியர்களை வருசக்கணக்காப் பாத்த வொயிட்ஹால் ஆய்வுல, கீழ்ப்படியில இருந்தவங்களுக்குத்தான் இருதய நோய்ச் சாவு அதிகம். 1985ல தொடங்குன ரெண்டாவது ஆய்வுல மைக்கேல் மார்மட் குழு இன்னொண்ணும் கண்டுச்சு: தன் வேலையில தனக்குன்னு ஒரு சொல்லும் இல்லாதவனுக்கு இருதய நோய் ஆபத்து கூடுது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ உழைக்கவனுக்கு, 35லருந்து 40 மணி நேரம் உழைக்கவனை விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேந்து 2021ல சொல்லிச்சு. ஆஸ்திரேலியாவுல 2022ல தொழிலாளர் பாதுகாப்பு மாதிரி விதிகளையே திருத்திட்டாவ. தாங்காத வேலைப்பளு, மிரட்டல், 'இது யார் வேலை'ங்கிற குழப்பம் எல்லாம் அங்க ஆபத்துக் கணக்குல சேத்தி. முடிஞ்ச மட்டும் அதை ஒழிக்கது முதலாளி கடமை.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? துணிக்கடையில நாள் பூரா நின்னே வேலை பாத்த புள்ளைகளுக்கு உக்கார இருக்கை குடுக்கணும்னு கேரளம் 2018ல கடைச் சட்டத்தைத் திருத்துச்சு, நம்ம சட்டசபை 2021ல திருத்துச்சு. காலு வீங்குனவளுக்கு வேண்டியது ஸ்டூலா, பொறுமைப் பயிற்சியா? சட்டம் ஸ்டூலுன்னுதான் சொல்லிச்சு.

வகுப்பை நிறுத்த வேண்டாம். மூச்சு விடுததுல தப்பில்லை. ஆனா போனதும் அந்தப் புள்ளைகள்ட்ட 'மனசு எப்படி இருக்கு'ன்னு கேக்காதீரும். 'எந்த வேலையைக் குறைக்கலாம், எதுக்கு இன்னொரு ஆள் வேணும்'னு கேளும். பதில்ல உம்ம பேரு வந்தாலும் கோவப்படாதீரும். அதையும் சேத்துக் குறைச்சிரும்.