வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொள்வது எப்படி?

முதலில் வாங்கிவிடுங்கள். படிப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பியர்டட் டிராகன் என்கிற தாடி ஓணானை வளர்க்கிற நாடுகளிலெல்லாம் பெரும்பாலோர் கடைப்பிடிக்கும் முதல் விதி இதுதான்.

கடையில் கண்ணாடித் தொட்டிக்குள் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு குட்டி நிற்கும். உங்கள் பிள்ளை மூக்கைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்க்கும். குட்டி ஒரு முன்னங்காலைத் தூக்கி, காற்றில் மெதுவாக ஒரு வட்டம் போட்டுக் கீழே வைக்கும். “அப்பா, எனக்கு டாட்டா காட்டுது!” என்று பிள்ளை கூவியதும் பேரம் முடிந்துவிட்டது. தாடி ஓணான்களுக்குள் அந்தச் சைகைக்கு, “ஐயா, நான் சின்னவன், உங்க வழிக்கு வரமாட்டேன், விட்டுடுங்க” என்று அர்த்தம். பெரியதைக் கண்டால் சின்னது காட்டும் சரணாகதி. வெளியே ஒரு ராட்சத முகம் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றால் பாவம், அது வேறென்ன செய்யும்? இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். நீங்களும் கேட்காதீர்கள். வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அத்தை இதயம் போடுவார்.

இந்த ஜீவன் நம்மூர் வேலி ஓணானுக்குப் பங்காளி. இரண்டும் ஒரே குடும்பம். சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு: குவின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களின் மேற்குப் பக்கம், தெற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பக்கம். அங்கேயும் வேலிக்கம்பத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்துதான் வெயில் காயும். 1960களிலேயே அந்த நாடு தன் காட்டுயிர்களை வியாபாரத்துக்கு வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனாலும் இன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் கடைக்குக் கடை தாடி ஓணான் விற்கிறது. களவாகக் கடத்தப்பட்ட சிலவற்றின் பேரன் பேத்திகள்தான் இத்தனையும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு ‘குத்துதே குடையுதே’ என்பார்களே, அதை வார்த்தைக்கு வார்த்தை செய்துகாட்டியிருக்கிறது உலகம். குத்தல் குடைச்சல் இனிமேல் வருகிறது.

அடுத்தது வீடு. கடையிலேயே ‘ஸ்டார்ட்டர் கிட்’ என்று ஒன்றை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருப்பார்கள்: சின்னத் தொட்டி, சிவப்பு பல்பு, ஒரு பை மணல், சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானி. அதையே வாங்குங்கள். சில மாதங்களில் மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து வாங்கும் பாக்கியம் கிடைக்கும். உள்ளங்கைக் குட்டி ஒன்றரை வருஷத்துக்குள் வால்நுனி வரை ஒன்றரை அடியிலிருந்து 2 அடி வரை வளர்ந்துவிடும். அதற்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துக்குக் குறைந்த இடம் பத்தாது. மணலை இரையோடு சேர்த்து விழுங்கினால் குட்டிக்குக் குடல் அடைத்துக்கொள்ளும்; பழைய செய்தித்தாளோ தரை ஓடோ போதும். சிவப்பு வெளிச்சம் ராத்தூக்கத்தைக் கெடுக்கும். சுவரில் ஒட்டிய வெப்பமானி சுவரின் சூட்டைச் சொல்லும். ஓணான் உட்காரும் கல்லின் சூடு அதற்குத் தெரியாது. கல்லில் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும், எதிர்மூலையில் 25ஐ ஒட்டி. இரண்டுக்கும் நடுவே போய்வந்துதான் அது தன் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ளும். சூடு பத்தாவிட்டால் தின்றது செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும்.

“எங்க வீட்டு டிராகன் ரொம்ப சாது” என்று பெருமை பேச ஆசைப்படுகிறவர்களுக்குத் தனி வழிமுறை உண்டு. புறஊதா விளக்கு வாங்காதீர்கள். விலை ஜாஸ்தி, பார்த்தால் சாதாரண டியூப்லைட் மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதிலாகத் தொட்டியை ஜன்னலோரம் வைத்து, “வெயில்தான் அடிக்குதே” என்று சொல்லிக்கொள்ளுங்கள். கண்ணாடி வழியாக வெயிலின் சூடு வரும், யூவிபி என்னும் புறஊதாக் கதிர் வராது. சூடு மட்டும் தாராளமாக வரும். மூடிய தொட்டிக்குள் உயிரோடு வெந்துபோகும் அளவுக்குக்கூட வரும். அந்தக் கதிர் தோலில் படாவிட்டால் வைட்டமின் டி3 உண்டாகாது. டி3 இல்லாவிட்டால் தின்ற கால்சியம் உடம்பில் ஒட்டாது. ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும்.

முதலில் விரல்நுனிகள் லேசாகத் துடிக்கும். நீங்கள் கவனிக்கமாட்டீர்கள். பிறகு வயிற்றைத் தூக்கி நடப்பதை விட்டுவிட்டு இழுத்துக்கொண்டே நகரும். “சோம்பேறி” என்று கொஞ்சுவீர்கள். கீழ்த்தாடையைத் தொட்டால் ரப்பராக வளையும். ஓட முடியாது, ஏற முடியாது, கடிக்க முடியாது. வருகிற விருந்தாளி ஒவ்வொருவர் தோளிலும் வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருக்கும். சாது என்றால் அப்படியொரு சாது! வளைந்த எலும்பு பிறகு என்ன வைத்தியம் செய்தாலும் பழையபடி நிமிராது.

விளக்கு வாங்கித் தொலைத்தவர்களும் மனம் தளர வேண்டாம். அது எரிகிறவரை மாற்றாமல் இருங்கள், பலன் ஒன்றுதான். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் யூவிபி வடிந்துவிடும். வெளிச்சம் மட்டும் புதுசுபோல் பளிச்சென்று இருக்கும். கேலியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன்: கையில் காசு குறைவாக இருந்தால் பிளாஸ்டிக் கள்ளிச்செடியில் மிச்சம் பிடியுங்கள், குட்டி ஊஞ்சலில் மிச்சம் பிடியுங்கள், விளக்கில் வேண்டாம்.

இனி குணங்களைத் தப்பாகப் புரிந்துகொள்ளும் கலை. கல்மேல் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் ‘சிரிக்கிறது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். போதுமான சூடு ஏறிவிட்டது, மிச்சத்தை வாய்வழியாக விடுகிறது, அவ்வளவுதான். ஆனால் குளிர்ந்த மூலைக்குப் போன பிறகும் வாய் மூடாமல், மூச்சில் சத்தமும் வாயோரம் சளிக்குமிழும் தெரிந்தால் நுரையீரலில் தொற்று இருக்கலாம். அன்றைக்கும் ‘சிரிக்கிறது’ என்று படம் போட்டவர்கள் உண்டு.

தாடி கறுத்து உப்பினால் கோபம் என்று நினைப்போம். பாதி சரி. பெண்ணைக் கண்டாலும் ஆணுக்குத் தாடி கறுக்கும். தொட்டிக் கண்ணாடியில் தன் பிம்பத்தைக் கண்டாலும் கறுக்கும். கூடவே தலையைப் படபடவென்று ஆட்டும். வேலி ஓணான் தலையாட்டியதைப் பார்த்துக் கல்லெடுத்த தலைமுறைக்கு இந்த ஆட்டத்தை விளக்க வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் உடம்பு கறுத்திருப்பது சீக்கிரம் சூடேறுவதற்காக. பகல் முழுக்கக் கறுத்தே கிடந்தால் எங்கோ வலிக்கிறது, அல்லது எதையோ கண்டு பயப்படுகிறது. இரண்டு காலில் எழுந்து கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டே ஓடுவதற்கு ‘டான்ஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இடம் பத்தவில்லை என்று அது போடும் மனு அது. தலையைப் பின்னுக்கு வளைத்து மேலேயே வெறித்துப் பார்த்தால் ‘ஆகாயத்தைத் தியானிக்கிறது’ என்று கையெடுத்துக் கும்பிட வேண்டாம். நரம்புக் கோளாறின் அறிகுறி. அடினோவைரஸ் தொற்றாகவும் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

தலையைத் தடவும்போது கண்ணை மூடுகிறதே, அது சுகம்தானே என்று கேட்பீர்கள். அதன் உச்சந்தலையில் மூன்றாவது கண் ஒன்று உண்டு. உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் தெரியும். மேலேயிருந்து நிழல் இறங்கினால் பருந்து என்று படிக்கும் பிராணி அது. நீங்கள் அன்போடு மேலேயிருந்து கையை இறக்குகிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘முடியட்டும்’ என்று காத்திருக்கிறது. பக்கவாட்டில், தாழ்வாகக் கையைக் கொண்டுபோய் வயிற்றுக்கு அடியில் தாங்கி எடுத்தால் இந்த நாடகமே தேவைப்படாது.

தனியாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு இன்னொன்றை வாங்கி உள்ளே விடுவது அடுத்த கட்டம். சில நாளில் விளக்கின் கீழே ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிப் படுத்திருக்கும். “பார், எவ்வளவு பாசம்!” படத்துக்கு நல்ல காட்சிதான். மேலே இருப்பது வெளிச்சத்தையும் சூட்டையும் பிடுங்கிக்கொள்கிறது. கீழே இருப்பதற்கு மிச்சம்தான். அடியில் இருப்பதன் கால்விரல்களைக் கிட்டத்தில் எண்ணிப் பாருங்கள், ஒன்றிரண்டு குறையலாம். வால்நுனியும் போயிருக்கலாம். பல்லிக்குப் போல இதற்கு வால் திரும்ப முளைக்காது. காட்டில் என்றால் தோற்றது ஓடிப்போகும். 4 அடிக்குள் எங்கே ஓடும்? தாடி ஓணானுக்குத் துணை வேண்டியதே இல்லை. ஒரு கூண்டுக்கு ஒன்று, அதுதான் கணக்கு.

பெயர் வைப்பதிலும் அவசரம் காட்டுங்கள். ‘கணேஷ்’ என்று பெயர் வைத்த குட்டி ஒருநாள் முட்டையிடும். இந்த இனத்தில் முட்டை பொரிக்கும் இடத்தின் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஆணுக்குரிய குரோமோசோம் உள்ளதும் பெண்ணாகிவிடும். ஆஸ்திரேலியக் காடுகளிலேயே அப்படிப்பட்ட பெண்கள் இருப்பதை 2015இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். ஆண் துணை இல்லாமலும் பெண் முட்டையிடும். குஞ்சு வராது, ஆனால் தோண்டிப் புதைக்க ஈரமண் உள்ள பெட்டி வேண்டும். அது கிடைக்காமல் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துச் செத்துப்போனவையும் உண்டு.

இத்தனைக்கும் மக்குப் பிராணி இல்லை. பழக்கிய ஒன்று தலையால் கதவைத் தள்ளித் திறப்பதைப் பார்த்து மற்றவை அதேபோல் திறந்தன என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. இதன் தூக்கத்தைப் பதிவுசெய்த ஃபிராங்க்ஃபர்ட் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தார், நமக்குக் கனவு வரும் கட்டத்தைப் போன்ற ஒன்று சுமார் 80 வினாடிக்கு ஒருமுறை வந்துபோவதை 2016இல் சொன்னார்கள். கனவில் நீங்கள் வருகிறீர்களா என்பது ஆய்வில் இல்லை.

சாப்பாட்டு விஷயம் வீட்டு அரசியலோடு சேர்ந்தது. குட்டிக்குப் பெரும்பங்கு பூச்சி, வளர்ந்ததற்குப் பெரும்பங்கு இலைதழை. பூச்சி என்றால் கிரிக்கெட் பூச்சி, இல்லாவிட்டால் டூபியா கரப்பான். கரப்பானைக் கண்டதும் செருப்பைத் தூக்கும் அம்மா இருக்கிற வீட்டில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் முட்டை அட்டை அடுக்கி, கேரட் நறுக்கிப் போட்டு, கரப்பானுக்கு நீங்கள் குடித்தனம் வைத்துக்கொடுக்கப் போகிறீர்கள். ‘திறக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டாதீர்கள், அதற்காகவே திறப்பார்கள். டூபியாவாவது வழுவழுப்பான சுவரில் ஏறாது. தப்பித்த கிரிக்கெட் பூச்சி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் புகுந்து விடியவிடியக் கச்சேரி நடத்தும். தொட்டிக்குள்ளேயே மிஞ்சியதோ ராத்திரியில் ஓணானைக் கடிக்கும். எந்தப் பூச்சியும் ஓணானின் இரண்டு கண்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. கால்சியப் பொடியில் புரட்டிப் போட வேண்டும். பாட்டி “கீரைதானே” என்று பாலக்கைத் தினமும் நீட்டுவார். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். அவகாடோ விஷம். பிள்ளைகள் தோட்டத்தில் பிடித்துவரும் மின்மினியோ அதைவிட மோசம்: அமெரிக்காவில் மின்மினி தின்ற தாடி ஓணான்கள் செத்துப்போனதை 1999இல் விஞ்ஞானிகள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒன்றிரண்டே போதும்.

குளிர்காலம் வந்ததும், நன்றாக இருந்த ஓணான் தட்டைத் திரும்பிப் பார்க்காமல் பாறைக்கடியில் போய் வாரக்கணக்கில் தூங்க ஆரம்பிக்கும். மணிக்கொரு தடவை தட்டி எழுப்பி, வாயைத் திறந்து ஊட்டிவிடுங்கள் என்று எழுதத்தான் கை வருகிறது, நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். வளர்ந்தவற்றுக்கு இது இயல்பு, புருமேஷன் என்பார்கள். முன்கூட்டியே மலத்தைச் சோதித்துப் புழு இல்லை என்று தெரிந்துகொண்டு, வயிறு காலியானபின் விட்டுவிட்டால் போதும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தூங்கும் ஓணானுக்கு எடை அதிகம் இறங்காது. இறங்கினால் அது நோய். ஒரு வயது ஆகாத குட்டி இப்படித் தூங்கினாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். எடை பார்க்கச் சமையலறைத் தராசு வேண்டாம், தனியாக ஒன்று வாங்குங்கள். ஆரோக்கியமான ஓணானின் மலத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் அதைக் குளிப்பாட்டாதீர்கள், 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். முத்தமும் வேண்டாம்.

ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் உங்கள் ஊரில் யார் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவையுங்கள். வளர்க்க அனுமதி வேண்டுமா என்பதையும் கேளுங்கள். ஆஸ்திரேலியாவிலேயே பல மாநிலங்களில் உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது 10 வருஷத்துக்கு மேல், சில சமயம் 15 வருஷம்கூட இருக்கும். டாட்டா காட்டுது என்று கூவிய பிள்ளை அதற்குள் கல்லூரிக்குப் போய் வேலைக்கும் போயிருக்கும். அப்போது தினமும் காலையில் விளக்கைப் போட்டு, கீரை நறுக்கி, கரப்பான் டப்பாவைத் திறக்கப்போவது யார் என்பதை, கடைக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவுசெய்துவிடுங்கள்.