மஞ்சளுக்குப் பத்து சென்ட்

மூன்றாம் நெப்போலியனுக்கு ஒரு கவலை: கப்பற்படைக்கும் ஏழைபாழைகளுக்கும் கட்டுப்படியாகிற விலையில் வெண்ணெய் இல்லை. மாற்று கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்றார். மெஜ்-மூரியே என்ற வேதியியலாளர் 1869-ல் மாட்டுக் கொழுப்பை உருக்கி, பாலோடு அடித்து, மார்கரீனை நீட்டினார். மறு வருடமே பேரரசர் போரில் தோற்றுப் பதவியை இழந்தார். மார்கரீன் மட்டும் பிழைத்து அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே பால்பண்ணைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. போட்டி வந்தால் விலையைக் குறைக்கலாம், சரக்கைச் சீராக்கலாம். அதெல்லாம் வேலை வாங்கும் சமாசாரம். வாஷிங்டனில் நாலு பேரைப் பிடிப்பது சுலபம். 1886-ல் சட்டம் வந்தது. மார்கரீனுக்குப் பவுண்டுக்கு 2 சென்ட் வரி. தயாரிப்பவர் ஆண்டுக்கு 600 டாலர், மொத்த வியாபாரி 480, தெருமுனைக் கடைக்காரர் 48 என்று உரிமக் கட்டணம் வேறு. விற்பது கஞ்சாவோ என்று கடைக்காரருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. நியூ ஹாம்ப்ஷயரில் மார்கரீனைத் தாராளமாக விற்கலாம், ரோஸ் கலர் சாயம் ஏற்றியிருந்தால். காலையில் ரோஸ் கொழுப்பைத் தடவிய ரொட்டியை எந்தப் பிள்ளை தின்னும்? அதுதானே வேண்டும்! இந்தக் கூத்தை 1898-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

வெண்ணெய்க்காரர்கள் அசரவில்லை. 1902-ல் புதுக் கணக்கு: மஞ்சள் பூசிய மார்கரீனுக்குப் பவுண்டுக்கு 10 சென்ட், பூசாததற்குக் கால் சென்ட். மஞ்சள் வெண்ணெயின் பிறப்புரிமையாம், மற்றவர் பூசினால் மோசடியாம். நல்ல நியாயம். ஆனால் குளிர்காலத்தில் பசும்புல் இல்லாமல் உலர்புல் தின்னும் மாட்டின் வெண்ணெய் வெளுத்துத்தான் வரும். அதற்கு மஞ்சள் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தவர்களே இந்தப் புண்ணியவான்கள்தான். 1886 சட்டம் வெண்ணெய்க்குச் சொன்ன இலக்கணத்திலேயே, நிறம் சேர்த்தாலும் வெண்ணெய், சேர்க்காவிட்டாலும் வெண்ணெய் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று யூகிக்கப் பரிசு எதுவும் கிடையாது.

கம்பெனிகள் வெள்ளை மார்கரீனோடு சாயத்தைத் தனியாகக் கொடுத்தன. வரி மிச்சம். அமெரிக்க இல்லத்தரசிகள் பல பத்தாண்டுகள் அடுப்படியில் நின்று மார்கரீனை மஞ்சளாகப் பிசைந்து தள்ளினார்கள்.

1943-ல், போர்க்காலம். அயோவா மாநிலக் கல்லூரியின் பிரசுரம் ஒன்று, சத்தில் மார்கரீன் வெண்ணெய்க்குச் சளைத்ததல்ல என்று சொல்லித் தொலைத்தது. பால்பண்ணைச் சங்கங்கள் போட்ட கூச்சலில் கல்லூரி பிரசுரத்தைத் திரும்பப் பெற்றது. துறைத் தலைவர் தியோடர் ஷுல்ட்ஸ் ராஜினாமா செய்துவிட்டு சிகாகோ போனார். 1979-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு. வெண்ணெய்க்கு இதுவரை எதுவுமில்லை.

1950-ல் மத்திய வரி ஒழிந்தது. விஸ்கான்சின் மட்டும் 1967 வரை மஞ்சள் மார்கரீனைத் தடுத்தே வைத்திருந்தது. ஜனங்கள் எல்லை தாண்டி இல்லினாய் போய் வண்டி நிறைய வாங்கி வந்தார்கள். தடையைக் காக்க முன்வரிசையில் நின்றவர் கார்டன் ரோஸ்லிப் என்ற மாநில செனட்டர். 1960களில் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு ருசிப் பரீட்சைக்கு உட்கார்ந்தார். மார்கரீனைச் சுவைத்து, இதுதான் அசல் வெண்ணெய் என்றார். பின்னாளில் மகள் சொன்னதுதான் விசேஷம்: அவர் உடல்நலத்துக்குப் பயந்து மனைவி வீட்டில் சத்தமில்லாமல் மார்கரீனைத்தான் பரிமாறி வந்தாராம்.

தடை போனாலும் சட்டப் புத்தகத்தில் வால் மிச்சமிருந்தது. விஸ்கான்சின் ஓட்டலில் வாடிக்கையாளர் கேட்காமல் வெண்ணெய்க்குப் பதில் மஞ்சள் மார்கரீன் வைப்பது குற்றம். அரசுச் சிறைக் கைதிக்கு மார்கரீன் கொடுக்க வேண்டுமானால் டாக்டர் எழுதித் தர வேண்டும்.