பெயர் அவருக்கு, ஊதியம் எனக்கு

எண்பதுகளில் முகூர்த்த நாள் நெருங்கினால் கோவை ஒப்பணக்கார வீதியை ஒட்டிய சந்தில் இருந்த ஓர் அச்சகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அங்கே ஒரு ஸ்டூல் நிரந்தரமாக உண்டு. மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்து பொண்ணு, மாப்பிள்ளை பெயர்களைச் சொல்வார்கள். எதுகை மோனையோடு ஒரு வாழ்த்து மடல் எழுதித் தரவேண்டும். நான் எழுதி முடிக்கும் முன்பே கம்பாசிட்டர் முதல் வரியைக் கோத்திருப்பார். மடலின் அடியில் ‘இவண், நண்பர்கள்’ என்று ஏழெட்டுப் பெயர்கள் வரும். எனக்கு டீயும் வடையும் வரும்.

வாழ்த்து மடலில் தொடங்கியது மணிவிழா மலர், சங்கத் தலைவரின் வரவேற்புரை, பள்ளித் தாளாளரின் ஆண்டறிக்கை என்று வளர்ந்தது. யாரும் காசு தரவில்லை. ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் கிடையாது. “உனக்குத் தானா வருது, எங்களுக்கு வரமாட்டேங்குது” என்பார்கள். தானாக வருவதற்கு எதற்குக் கூலி என்பது ஊரின் கணக்கு.

அதே வருடங்களில் என் பெயரில் கதைகளும் எழுதினேன். வார இதழில் ஒரு கதை வந்தால் நூறு ரூபாய் மணியார்டர் வரும். பிறகு ஒரு நாவல் அச்சானது. பத்து சதவீத ராயல்டி என்று பேச்சு. 80 ரூபாய்ப் புத்தகம் ஆயிரம் பிரதியும் விற்றுத் தீர்ந்தால்கூட எட்டாயிரம்தான். எத்தனை விற்றது என்ற கணக்கே வராததால் அந்த எட்டாயிரத்தையும் நான் பார்க்கவில்லை.

இன்று அதே கோவையில், இன்னொருவர் பெயரில் வரும் தன்வரலாற்றுக்கு மூன்று லட்சம் வாங்குகிறேன். இதைச் சொன்னால் இளம் எழுத்தாளர்கள் முதலில் கேட்பது, இந்த வேலை எங்கே கிடைக்கும் என்பதைத்தான். பதிப்பகங்களில் தேடாதீர்கள், எழுத்தாளர் கூட்டங்களிலும் தேடாதீர்கள். எனக்கு முதல் வேலையை வாங்கித் தந்தவர் ஓர் ஆடிட்டர். யாருக்கு எண்பது நிறைகிறது, யாருடைய மகன் கம்பெனிப் பொறுப்பை ஏற்கிறான், எந்த வீட்டில் பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பெரியவர்கள் மனைவியிடம் சொல்லாததையும் ஆடிட்டரிடம் சொல்லியிருப்பார்கள். புத்தகம் வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள். சதாபிஷேகத்துக்குள் முடியவேண்டும் என்று தேதி வைத்துக்கொண்டு வருவார்கள். தேதி வைத்திருப்பவர்கள் பணத்தை இழுத்தடிப்பதில்லை. அரசியல்வாதிகளின் வேலை வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. அங்கே தேதியும் மாறும், கதையும் மாறும்.

பணம் எழுத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பாதிக்கு மேல் காதுக்குத் தருகிறார்கள். பவுண்டரி வைத்து வளர்ந்த ஒரு பெரியவரிடம் சோபாவில் உட்கார்ந்து கேட்டவரை “உழைப்புதானுங்க, ஆண்டவன் புண்ணியமுங்க” என்பதைத் தாண்டவில்லை. பட்டறைக்கே போய்விடலாம் என்றேன். உள்ளே நுழைந்ததும் ஆறிக்கிடந்த ஒரு காஸ்டிங்கை எடுத்தார். சின்னச் சுத்தியலால் தட்டினார்.

“கணீர்னு கேக்கோணுமுங்க. பொத்துன்னு கேட்டா உள்ள கீறல் இருக்குதுன்னு அர்த்தம். எங்க மேஸ்திரி கண்ணை மூடிட்டுச் சொல்லுவாரு.”

அந்த மேஸ்திரியைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினார். சம்பளம் போட முடியாத ஒரு மாதம் மேஸ்திரி தன் வீட்டு எருமையை விற்றுக் கொண்டுவந்த பணம், அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அவர் இறந்துபோனது, எல்லாம் அந்த மணல் தரையில் நின்றபோது வந்தவை. வீட்டுக்குத் திரும்பி வருடத்தைக் கேட்டேன். எழுபத்தெட்டு என்றார். சமையலறையிலிருந்து அந்த வீட்டு அம்மாவின் குரல் வந்தது: “எழுவத்தெட்டு இல்லீங்க. பெரியவ பொறந்த வருசம், எழுவத்தாறு.” அம்மா சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மாவுக்குத் தனியாக நேரம் கேட்டு வாங்கிவிடுகிறேன்.

ஒப்பந்தம் இல்லாமல் பேனாவைத் திறப்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் தனியாக எழுதுபவரே எழுத்தின் முதல் உரிமையாளர். கையெழுத்திட்ட தாளில்தான் அதை மாற்றித் தர முடியும். எத்தனை ஆண்டுக்கு என்று தாளில் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டோடு அந்த மாற்றம் முடிந்துவிடும். உரிமையை விற்ற பிறகும், எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் தனியாக இருக்கிறது. அதனால் பெரியவரின் வக்கீலும் என் பக்கத்து வக்கீலும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வதே இரு தரப்புக்கும் நிம்மதி. முன்பணம் ஒரு பங்கு, முதல் வரைவுக்கு ஒரு பங்கு, அச்சுக்குப் போகுமுன் மீதி. பத்து சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வங்கிக்கு வந்துவிடும். என் பெயரும் அந்தக் குடும்ப நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து வெளியே தெரிவது வருமான வரித் துறையின் டிடிஎஸ் பதிவில் மட்டும்தான்.

அட்டையில் பெயர் வருவதா வேண்டாமா என்பதற்கு உலகில் ஒரே வழக்கம் இல்லை. 1999இல் வந்த கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ ஆங்கில மூலத்தில் அருண் திவாரியின் பெயர் சேர்ந்தே இருக்கிறது. டொனால்ட் டிரம்பின் 1987ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு டோனி ஷ்வார்ட்ஸ் அட்டையில் பெயரும் முன்பணத்திலும் ராயல்டியிலும் சரிபாதியும் வாங்கினார். டென்னிஸ் வீரர் அகாசியின் ‘ஓப்பன்’ 2009இல் வந்தபோது அதை எழுதிய மோரிங்கர் அட்டையில் தன் பெயர் வேண்டாம் என்றுவிட்டார். நான் அட்டையைக் கேட்பதில்லை. உள்பக்கத்தில் ‘எழுத்தாக்கத்தில் உதவி’ என்று ஒரு வரி கேட்பேன். சிலர் சம்மதிப்பார்கள், பவுண்டரி வீட்டில் சம்மதிக்கவில்லை. அதற்கும் சேர்த்தே தொகை பேசியிருந்தோம்.

சதாபிஷேகத்தன்று தாம்பூலப் பையில் தேங்காயோடு அந்தப் புத்தகமும் இருந்தது. இரண்டாயிரம் பிரதி. மேடையில் ஒரு தமிழ்ப் பேராசிரியர், மேஸ்திரி அத்தியாயத்தை ஊன்றிப் படித்துவிட்டு வந்து, ஒரு தொழிலதிபருக்குள் இப்படியொரு எழுத்தாளர் ஒளிந்திருந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றார். பெரியவர் எழுந்து கும்பிட்டார். எனக்கு அடுத்த வரிசையில் மேஸ்திரியின் மகன் அந்தப் பக்கங்களைப் பிரித்து, தன் மகளுக்கு விரல் வைத்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என் நாவலை யாராவது அப்படிப் படித்து நான் கண்டதில்லை. அந்தப் பெண் குழந்தை, “எருமை பேரு என்னப்பா?” என்று கேட்டாள். புத்தகத்தில் அது இல்லை. பெரியவரிடம் கேட்டிருக்கலாம்.

போன மாதம், திருமண வீடியோக்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு தம்பி வந்தான். எல்லாம் ஓசிதான், சாப்பாடு போடுவார்கள் என்றான். என் கையில் இருந்த ஒரு பம்ப்செட் குடும்பத்தின் வேலையை அவனுக்குத் தள்ளிவிட்டேன். முன்பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றவனை, ஒப்பந்தத்தை நீட்டிவிட்டுப் பேசாமல் உட்கார் என்று சொல்லி அனுப்பினேன். நேற்று போன் செய்தான். முதல் தவணை வந்துவிட்டதாம். திங்கட்கிழமை பட்டறைக்குப் போகிறான்.