தட்டு மாமா

செஞ்சியில் எந்த வீட்டுக்குள் மேஸ்திரி நுழைந்தாலும், பின்னாலேயே தட்டு மாமாவும் நுழைந்துவிடுவார். தெருவுக்கு ஒருவராவது உண்டு. கூடத்துக்கும் அறைக்கும் நடுவே நிற்கும் சுவரில் காதை ஒட்டவைத்து, விரலை மடக்கி மூன்று தட்டு. உடனே தீர்ப்பு:

"சும்மா தடுப்புச் சுவருப்பா. தூக்கிடு. கூடம் கல்யாண மகால் கணக்கா ஆயிடும்."

அது ஒன்பது அங்குலச் சுவர். மாடியின் மரத் தூலங்கள் அதன் தலையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பழைய மட்டப்பா வீடுகளில் காங்கிரீட் தூண், பீம் என்று தனியாக எதுவும் கிடையாது; மேல்தளத்தின் பாரம் சுவர் வழியாகத்தான் அஸ்திவாரத்துக்கு இறங்கும். பூச்சு விட்டுப்போயிருந்தால் பாரம் தாங்கும் சுவரும் 'டொக்'கென்றுதான் ஒலிக்கும். தூலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அண்ணாந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மாமா அண்ணாந்து பார்ப்பதில்லை. கழுத்து வலி.

"பேரூராட்சியில ஒரு வார்த்தை கேக்க வேணாமா மாமா?"

"உன் வூட்டு சுவரை எடுக்க ஊரைக் கேப்பியா?"

(மாமா தம் வீட்டில் காலண்டர் ஆணி அடிக்கவும் அத்தையைக் கேட்க வேண்டும். அது வேறு இலாகா.)

பேரூராட்சியோடு போனால் தேவலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்கம் ஆகிய மூன்று மலைகளை வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் ஓடும் செஞ்சிக் கோட்டை மதில், இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு நினைவுச்சின்னச் சட்டத்துக்கு 2010-இல் வந்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக்கட்டடம் எழுப்பக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கலாம், மாற்றலாம். அதற்கும் முன்அனுமதி வேண்டும். மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டுமே.

மாமாவுக்குச் சட்டம் தெரியாது, சரித்திரம் தெரியும். "வெங்கட்ரமணர் கோயில் தூணையே பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரிக்குப் பேத்துக்கினு போனான். எந்த ஆபீசுல கையெழுத்து வாங்கினான்?" செஞ்சியிலிருந்து போனவை என்று சொல்லப்படும் அந்தத் தூண்கள், புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு செஞ்சியும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. "இனிமே சுவத்துக்கு வெள்ளையடிக்கவும் பாரீசுக்கு எழுதிப் போடணும்" என்று மாமா டீக்கடையில் அறிவித்தார்.

கடைசியில் வீட்டுக்காரர் இன்ஜினியரை அழைத்து வந்தார். அவர் முதலில் அண்ணாந்து பார்த்தார். முட்டுக் கொடுத்து, இரும்பு பீம் ஏற்றி, அதன் பிறகே செங்கல்லில் கை வைக்க வேண்டும். அதற்கும் முன்னால் வரைபடத்தோடு மனு என்றார். மனு 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்குப் போகும், ஆணையத்துக்கு இரண்டு மாதம், முடிவு சொல்ல இன்னும் ஒரு மாதம்.

"மொதல்ல நீ 100 மீட்டருக்குள்ள இருக்கியான்னு பாப்போம்" என்று மாமா மதிலடியிலிருந்து எட்டி எட்டி நடந்தார். 94 வந்தது. திரும்பிப் போய், குட்டிக் குட்டியாக அடிவைத்து வந்து 103 என்றார்.

"அதுக்கப்பால 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி சார். அங்கயும் அனுமதி வேணும்."

மாமா சற்று யோசித்தார். "அப்போ வூட்டைத்தான் தள்ளி வெக்கணும்."