மணலைக் கயிறாகத் திரித்த மேலிடத்தாருக்கு

தீவின் கரைகளைக் கட்டி ஆளும் மாண்புமிகு ஐயாமாரே, அம்மணிமாரே,



வானத்தை வில்லாக வளைப்பேன், மணலைக் கயிறாகத் திரிப்பேன் என்று சவடால் விட்டவர்களை எங்கள் பக்கத்தில் யாரும் பொருட்படுத்தியதில்லை. வானம் இன்றுவரை வளையவில்லை. மற்றதைத் தாங்கள் சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறீர்கள். சென்ற ஞாயிறு நேரில் பார்த்து மெய்சிலிர்த்தேன். நீல நைலோன் கயிறு. ஹோட்டல் மதிலில் முடிச்சுப் போட்டுப் புறப்பட்டு, சீமெந்து நிரப்பிய பெயின்ட் வாளிகளில் நட்ட கம்புகள் வழியே மணலைக் குறுக்கறுத்து, அலையின் நுரை வந்து தொடும் இடத்தில் போய் நிற்கிறது. கிழக்கில் ஒரு விரிகுடா. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஒரு கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டு, அதையும் படம் எடுத்துப் போடுவீர்கள்.

பாயும் சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலுமாக நாங்கள் போய் இறங்கியபோது கயிற்றடியில் ஒரு காவல்காரத் தம்பி. இருபது வயது இருக்கும். அந்த வெயிலில், அந்த மணலில், கறுப்புச் சப்பாத்து.

"அண்ணன், குறை நினைக்காதீங்க. கெஸ்ட்டுக்கு மட்டும்தானாம். லோக்கல் ஆக்கள விட்டா என்ட வேலை போயிரும்."

பெரியம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கோபப்படவில்லை. "நீ ஆருட மகன் மனே?" என்று மட்டும் கேட்டார். அடுத்த கேள்விக்குள் வம்சமே வெளியே வந்துவிட்டது. தம்பியின் அப்பப்பாவும் பெரியம்மாவின் தகப்பனும் அதே இடத்தில் ஒரே கரைவலையை இழுத்தவர்களாம். தம்பி தன் சப்பாத்தைப் பார்த்தான். பெரியம்மா விடவில்லை.

"கயிறு கடலுக்குள்ள எம்மட்டுத் தூரம் போகுது மனே?"

"கடலுக்குள்ள இல்ல ஆச்சி. கரை மட்டும்தான்."

ஆக, நீந்தலாம்; கரையேறக் கூடாது. இப்படியொரு நுட்பமான நிர்வாகம் எந்த நாட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்? கயிற்றுக்கு அந்தப் பக்கம், குடை நிழலில், ஒரு தெருநாய் கால் நீட்டிப் படுத்திருந்தது. அதனிடம் அறை இலக்கம் கேட்க நினைத்தேன். நல்ல தூக்கம், கெடுக்க மனம் வரவில்லை.

எந்தக் கடற்கரைக்குப் போவது என்று வீட்டில் பேச்சு எழுந்தால் முன்பெல்லாம் நாங்கள் காற்றைத்தான் பார்ப்போம். மார்கழி முதல் பங்குனி வரை தெற்கும் மேற்கும்: உனவட்டுன, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ. வைகாசியில் சோளகம் பிடித்துவிட்டால் அந்தப் பக்கம் கடல் குமுறும், கிழக்கு அடங்கிக் கிடக்கும். அப்போது நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா. அலைச்சறுக்குப் பைத்தியங்களுக்கு அறுகம்பை. ஐப்பசி கழிந்து வாடை தொடங்கினால் மறுபடி பக்கம் மாறும். காற்றும் கயிறு கட்டுகிறதுதான். ஆனால் சில மாதங்களில் தானே அவிழ்த்துவிடுகிறது. தங்கள் கயிறுதான் பருவம் பார்ப்பதில்லை. தங்கள் வழவழப்பான சுற்றுலாக் கையேட்டிலோ பன்னிரண்டு மாதமும் ஒரே வெயில். அதை நம்பி யூலையில் மிரிஸ்ஸவுக்கு வந்து இறங்கும் வெள்ளைக்காரர் பாடும் பாவம்தான். கயிற்றுக்கு உள்ளே இருந்துகொண்டு சிவப்புக் கொடியை வெறித்துப் பார்க்கிறார். அந்த மட்டில் தங்கள் ஆட்சியில் சமத்துவம் உண்டு.

சரி, கயிறில்லாத கரையாகப் பார்ப்போம் என்று தேடத் தொடங்கினேன். திருகோணமலையில் மார்பிள் பீச், பளிங்குபோல் தண்ணீர். அதை விமானப்படை நடத்துகிறது. நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுப் பழகிய இடம், 2003 முதல் தேசியப் பூங்கா. பவளப்பாறையைப் பார்க்க நுழைவுச்சீட்டும் படகுக் கூலியும் எடுத்து வைக்க வேண்டும். பவளத்தைக் காக்கத்தான் என்றால் மகிழ்ச்சியோடு கொடுப்பேன், ஆனால் விடுமுறை நாளில் அங்கே பவளத்தின் மேல் நிற்கும் கால்களைத் தாங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? காங்கேசன்துறையில் கடலைப் பார்த்தபடி விடுதி நடத்துவது இராணுவம். 1990 இல் அந்தப் பக்கத்திலிருந்து உடுத்த துணியோடு ஓடியவர்கள் பல ஆண்டுகள் முகாம்களில் கிடந்தார்கள். இன்று அவர்களும் அறை வாடகை கட்டினால் சொந்த ஊர்க் கடலை யன்னலால் பார்க்கலாம். வரவேற்பு, உபசரிப்பு எல்லாம் பிரமாதம் என்று கேள்வி.

காரைநகர்க் கசூரினாவில் கயிறு இல்லை. சவுக்குமர நிழல், அலையே இல்லாத ஆழமில்லாத கடல், குழந்தைகளைப் பயமில்லாமல் இறக்கிவிடலாம். அடடா, இதைத் தங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது.

மணல் விஷயத்தில் தங்கள் கைராசியை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். 2020 இல் கல்கிசையில், சோளகம் தொடங்கும் நேரம் பார்த்து, கடலடியிலிருந்து மணலை இறைத்துக் கரையில் கொட்டினீர்கள். சோளகம் வந்து அள்ளிக்கொண்டு போனது. அப்படித்தான் போக வேண்டும், அதுதான் திட்டம் என்று விளக்கமும் வந்தது. அன்றே அந்த மணலைக் கயிறாகத் திரித்துக் கட்டிப்போட்டிருக்கலாமே என்று எங்கள் வீட்டுச் சின்னவன் கேட்கிறான். அடுத்த ஆண்டு எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே எரிந்து, 1,600 தொன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் குறுணி அதில் இருந்து, மேற்குக் கரையெங்கும் வெள்ளை வெள்ளையாக ஒதுங்கியதே, அப்போதும் கயிறு கைவசம் இருக்கவில்லை. சல்லடையோடு குனிந்து பொறுக்கியவர்களில் எத்தனை பேர் கெஸ்ட்?

சட்டத்தையும் புரட்டினேன், கோபிக்க வேண்டாம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டம். நீர் ஏறும் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டர், நீர் வற்றும் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீட்டர், இதுதான் கரையோர வலயம். அதன் நிர்வாகம் குடியரசின் கையில். குடியரசு என்றால் அதில் நாங்களும் சேர்த்தி என்று பள்ளிக்கூடத்தில் குடியியல் பாடத்தில் சொல்லித் தந்தார்கள். புத்தகம் மாறியிருந்தால் புதிய பதிப்பை அனுப்பி வையுங்கள்.

மீட்டர்க் கணக்கு தங்களுக்குப் புதிதல்ல. 2004 மார்கழிச் சுனாமியில் கடல் 30,000 பேருக்கு மேல் கொண்டுபோன கையோடு, தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர், அதற்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்றீர்கள். பாதுகாப்புக்காம். வாடி போட்டிருந்தவன் உள்ளே தள்ளிப் போனான். தோணி ஓரிடம், வீடு ஓரிடம் என்று ஆனான். ஹோட்டலுக்கு மட்டும் விதிவிலக்கு. பிறகு எல்லையைத் தளர்த்தினீர்கள்தான், அதற்குள் பலர் போன இடத்திலேயே வேரூன்றிவிட்டார்கள். அவர்களை எழுப்பிய அதே மணலில் இன்று நீச்சல் தடாகம் இருக்கிறது. கடலுக்கு முன்னால் நீச்சல் தடாகம்! ஏழை வீட்டுக்குள் மட்டும்தான் அலை வரும் என்று தங்களுக்கு யார் சொன்னது? அந்த நாளில் பிள்ளையைப் பறிகொடுத்தவளை, அந்தப் பிள்ளை விளையாடிய மணலில் நின்று "போ" என்று சொல்ல, அவளுடைய சொந்தக்காரப் பையனுக்கே சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள். இது நிர்வாகமில்லை, அயோக்கியத்தனம்.

மன்னிக்கவும். மத்தியான வெயிலில் எழுதுகிறேன், கை சற்று நழுவிவிட்டது. தங்கள் பெருந்தன்மை அறிந்ததே.

தங்கள் திறமையை ஒரு ஹோட்டல் வாசலோடு நிறுத்திவிடக் கூடாது என்பதே என் ஆதங்கம். சொறிமுட்டைகள் கெஸ்ட்டா என்று பார்த்துக் கொட்டுவதில்லை, அவற்றுக்கு ஒரு கயிறு போடுங்கள். ஊர்க் குப்பை வாய்க்கால் நேரே கடலில் விழும் இடத்தில் ஒரு கயிறு. நிலா, சூரிய உதயம், உப்புக்காற்று எல்லாம் இன்னும் இலவசமாகவே கிடக்கின்றன, வருமானம் வீணாகிறது. 2018 இல் 23 இலட்சம் வெளிநாட்டார் வந்தார்கள் என்று பெருமைப்பட்டீர்கள், நாங்களும் பட்டோம். அவர்களுக்குச் சூடை பொரித்துக் கொடுத்தவர்களும் ஓட்டோவில் கூட்டிப் போனவர்களும் நாங்கள்தான். அவர்களில் ஒருவர்கூட, எங்களைக் கண்ணில் காட்டாதீர்கள் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த ஞாயிறுகூட ஒரு ஜெர்மன்காரக் கிழவி கயிற்றைத் தூக்கிப் பிடித்து, வா என்று பெரியம்மாவுக்குச் சைகை காட்டினாள். தம்பி பதறிப்போனான். பெரியம்மா சிரித்துவிட்டுத் தலையசைத்தார். போகவில்லை. அந்த மனுசியின் தயவில் போக வேண்டிய இடமில்லையே அது.

இனி விண்ணப்பம். கையேட்டின் அடுத்த பதிப்பில் ஒவ்வொரு கடற்கரைக்கும் எதிரே இரண்டு கட்டம் சேர்த்து அச்சடிக்க வேண்டுகிறேன். எந்த மாதம் கடல் அடங்கும் என்பது ஒன்று. கயிறு உண்டா, இல்லையா என்பது மற்றது. உண்டு என்றால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி, யார் கையெழுத்தில் என்று கீழே பொடி எழுத்தில் போட்டால் போதும். கையெழுத்து யாருடையதும் இல்லை என்றால் கத்தரிக்கோல் நாங்களே கொண்டுவருவோம், தங்களுக்குச் செலவு வைக்க மாட்டோம்.

பாடசாலை விடுமுறைக்கு முன்னர் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். வான்காரர் முற்பணம் கேட்கிறார். எந்தப் பக்கம் என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
வரி கட்டும் ஒருவன்